பொடிசு படித்த கடைசி வரி

வருகிற பேருந்துக்கெல்லாம் கை நீட்டிவிடுவது என்று பொடிசு யோசித்துத்தான் முடிவெடுத்திருந்தாள். தூரத்தில் வரும்போது எல்லாப் பேருந்தும் அவளுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. மேலே ஒரு மஞ்சள் கசிவு, கீழே ஒரு சிவப்புக் கசிவு, நடுவில் பெரிய சத்தம். மேலே இருப்பது எந்த எண் என்று தெரிவதற்குள் வண்டி நிறுத்தத்தைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் எது வந்தாலும் கை நீட்டுவாள். வண்டி நின்றதும் முன்பக்கம் போய் அண்ணாந்து எண்ணைப் பார்ப்பாள். தன்னுடையது இல்லை என்றால், "நீங்க போங்கண்ணே" என்று பெருந்தன்மையாக அனுப்பிவைப்பாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவள் கணக்கு.

நஷ்டம் ஓட்டுநர்களுக்கு. பணிமனையில் அவர்கள் கூடி உட்கார்ந்தால் இந்தப் பேச்சுதான். முதுகில் பை, கையில் தீப்பெட்டி, நிற்கவைத்து விசாரித்து அனுப்புகிற தோரணை. பரிசோதகர்கூட இப்படிச் செய்வதில்லை என்று ஒருவர் புலம்ப, தன்னை ஒரே வாரத்தில் பலமுறை 'போகச் சொல்லிவிட்டதாக' இன்னொருவர் பெருமையே அடித்துக்கொண்டார். அவர்களோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்த பெண் ஓட்டுநர், தீப்பெட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். ஊரில் தீப்பெட்டியும் கையுமாக அலைகிற பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்திதான். அவர் பெற்ற ஒருத்தி.

அன்று சாப்பிடும்போது அம்மா இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் சொன்னாள். பொடிசு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு நன்றாகத் தெரிந்தது. தட்டு, பாடப்புத்தகம், கத்தரிக்கோல், பசைப்புட்டி என்று கைக்கெட்டும் உலகம் முழுவதும் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். அதைத் தாண்டி இருப்பதெல்லாம் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்தில் தனக்கு அப்படி என்ன வேலை என்று அவளும் விட்டிருந்தாள்.

பொடிசு என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஆள் ஒன்றும் பொடிசு இல்லை, பதினைந்து வயதுக்கு அப்பாவின் காதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். பொடிசாக இருந்தது அவள் செய்கிற வேலைதான். தீப்பெட்டிக்குள் அறை கட்டுவாள். ஒரு பெட்டியைத் திறந்தால் முடிவெட்டும் கடை இருக்கும். சுழலும் நாற்காலி, சுவரில் மிட்டாய்த் தாளால் செய்த கண்ணாடி, தரையில் பெருக்காமல் கிடக்கும் முடி. இன்னொன்றில் பல் டாக்டர், கதவுக்கு வெளியே ஓடிப்போகத் தயாராக ஒரு நோயாளி. இதற்கெல்லாம் கை போகிற இடத்துக்கு மூக்கும் போக வேண்டியிருந்தது. "பார்த்துடி, மூக்கையும் உள்ள வெச்சு மூடிடப்போறே" என்பாள் அத்தை.

இந்தப் பெட்டிகளைப் பள்ளிக் கண்காட்சியில் ஒரு அம்மாள் பார்த்துவிட்டார். நாடகங்களுக்கு மேடை அமைக்கும் பட்டறையை நடத்துகிறவர். தச்சர் மரத்தைத் தொடுவதற்கு முன்னால், அந்த மேடை எப்படி இருக்கும் என்று ஒரு தட்டில் வைத்துத் தூக்கிப்போகும் அளவுக்கு முதலில் சின்னதாகச் செய்து பார்ப்பார்கள். சுண்டுவிரல் உயரத்துக்கு நாற்காலி, நகம் அளவுக்கு ஜன்னல். அதைச் செய்துவந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். "லீவு விட்டதும் வந்துடறியா? உங்க வீட்டுல சரின்னு சொன்னா போதும்" என்றார் அந்த மேடைக்காரம்மா. அன்றிலிருந்து பொடிசுக்கு வேறு நினைப்பே இல்லை. தெருவில் நடந்துபோகும்போது வழியில் வருகிற வீடுகளையெல்லாம் மனதுக்குள் சுருக்கிக்கொண்டே போனாள். விடுமுறை அடுத்த வாரம்.

வீட்டில் சரி என்று சொல்லவேண்டியவர் அப்பா. அப்பா கண்ணாடிக்கடைக்காரர். பார்வை அளந்து, வில்லை வெட்டி, சட்டத்தில் பொருத்திக் கொடுப்பவர். வாடிக்கையாளர்கள் அவரை டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போது யார் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற நிலைக்கு வந்திருந்தார். அவர் போட்டிருந்த கண்ணாடி, கடையில் இருப்பதிலேயே தடிமன். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஆனால் மகளுக்குக் கண்ணாடி இல்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம், அதை அவர் கடையில் விளம்பரமாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். "என் பொண்ணையே பாருங்களேன், நாள் பூரா தீப்பெட்டியைக் குடையறா. பவர் வந்துச்சா? வந்தா, அன்னைக்கே எல்லாத்தையும் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்னு அவளுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்குப் பவர் வரவில்லை.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா அவளைக் கடையின் பின்னறையில் உட்காரவைத்துப் பரிசோதிப்பார். சுவரில் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போக எறும்பு. பொடிசு கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா வண்டி ஓட்டப் போய்விட, அந்த அட்டைக்குக் கீழே தூளி கட்டித்தான் அத்தை அவளை வளர்த்தாள். மற்ற பிள்ளைகள் அ, ஆ என்று ஆரம்பித்தால் அவள் ப, ட, ம என்று ஆரம்பித்தாள். அந்த அட்டை அவளுக்குத் தன் வீட்டு விலாசம் மாதிரி. அப்பா படி என்பார், அவள் சொல்லுவாள். ஏமாற்றுகிறோம் என்று முதல் வருடம் லேசாக உறுத்தியது. அடுத்த வருடம் பழகிவிட்டது.

இப்போது அம்மா விடுவதாக இல்லை. பெண்ணுக்குத் தூரத்துப் பார்வை போய்விட்டது என்று அவள் சொல்ல, கண்ணாடிக்காரர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வாதாடினார். பஸ்ஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கலாம், கண்ணைப் பற்றித் தன்னிடம் பேச வேண்டாம் என்றார். பேசவில்லை, நாளைக்கே என் கண் முன்னால் பரிசோதனை செய்யுங்கள் என்றாள் அம்மா. பொடிசு நடுவில் புகுந்து, "செய்யட்டும்மா, எனக்கென்ன?" என்றாள். சொல்லும்போது குரல் ஆடவில்லை. அந்த அட்டையின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் அம்மா சீருடையோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். அத்தை கல்லாவை விட்டு எழுந்துவந்து பின்னறைத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்காரர் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். வருடக்கணக்கில் ஓயாமல் கேட்ட எழுத்துகள், அதைத் திரும்பிப் பார்க்க வேறு வேண்டுமா?

"மேல இருந்து வேணாம். நேரா கடைசி வரி. படி."

"ய, ட, ப, ம, ர, ன."

"சபாஷ். இப்ப அடுத்த கண்ணு. வலமிருந்து இடமா."

"ன, ர, ம, ப, ட, ய."

மூச்சு வாங்காமல், ஒரு எழுத்துகூடத் தடுக்காமல் சொன்னாள். கண்ணாடிக்காரர் மனைவியை நோக்கி இரண்டு கைகளையும் விரித்தார். வழக்கில் ஜெயித்த வக்கீலுக்குக்கூட முகம் அப்படி மலராது. அம்மா அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பினார். சுவரில் எழுத்து அட்டை இல்லை. எண் அட்டை தொங்கியது. மேலே ஒரு பெரிய ஏழு, அதற்குக் கீழே மூன்றும் ஐந்தும், கடைசி வரி முழுக்கப் பொடிப்பொடியாக எண்கள். யவும் இல்லை, டவும் இல்லை.

"ஐயையோ" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். காலையில் எழுத்துத் தெரியாத ஒரு பெரியவர் வந்தாராம். அவருக்காக மாற்றி மாட்டியவள், திரும்ப மாற்ற மறந்துவிட்டாளாம். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "படிச்சவளும் பார்க்கலை, கேட்டவனும் பார்க்கலை. டேய் தம்பி, இந்தக் கடையில முதல்ல யாருக்குடா கண்ணாடி போடணும்?"

பொடிசுக்கே சிரிப்பு வந்திருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவர் அவ்வளவு கிட்டத்தில் நின்றதால் அது நன்றாகத் தெரிந்தது.

அவர் திட்டவில்லை. எப்போதிருந்து என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, போன வருடத்துக்கும் முன்னாலிருந்து என்றாள். "பட்டறையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். அன்று சாயங்காலம் தீப்பெட்டிகள் பரணுக்குப் போயின. தூக்கி எறிந்திருந்தாலாவது பொடிசும் பதிலுக்கு ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். அவரோ கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியில் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகச் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி உள்ளே வைத்தார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அம்மா பேசிப்பார்த்தாள், பருப்பு வேகவில்லை. கண்ணுக்கு என்ன என்று பார்த்துச் சரிசெய்யச் சொன்னால், மனுஷன் பிள்ளையின் கையைக் கட்டிப்போடுகிறாரே என்று எரிச்சல்பட்டாள். பொடிசு வேலையற்ற கைகளோடு கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாகக் கடைக்கு வந்தால் ஒரு மூலையில் கத்தரியும் பசையுமாக மூழ்கிவிடுவாள், சுற்றிலும் இடி விழுந்தாலும் தெரியாது. இப்போது கைக்கு வேலை இல்லாததால் காது வேலை செய்தது. பின்னறைத் திரைக்கு அந்தப் பக்கம் அப்பா பேசுவதை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக முழுசாகக் கேட்டாள்.

உள்ளே ஒரு அம்மாவும் மகளும். மகள் நாள் முழுக்கத் தன் நகத்தில், தோழிகளின் நகத்தில், யார் கை கிடைத்தாலும் அந்த நகத்தில் குட்டிக் குட்டிப் படம் வரைகிறாளாம். பவர் வந்துவிட்டது. அந்தத் தூரிகைகளை அடுப்பில் போட்டுவிடப்போகிறேன் என்று அம்மா அழுகிறாள். கண்ணாடிக்காரரின் குரல் தேனாக ஒழுகியது.

"அடுப்புல போட்டா பவர் இறங்கிடுமாம்மா? இறங்காது. இதுக்கு இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் அடிச்சுச் சொல்ல முடியாது. அப்பா அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கு வரலாம். ரொம்ப நேரம் கிட்டப் பார்த்துக்கிட்டே இருந்தாலும், வெயில் வெளிச்சத்துல வெளிய போகாம இருந்தாலும் வர வாய்ப்பு அதிகம். வரையட்டும். முழங்கை தூரத்துல வெச்சு வரையட்டும், நடுநடுவுல எழுந்து தூரமாப் பார்க்கட்டும், தினமும் கொஞ்ச நேரம் வெளிய போகட்டும். கண்ணாடியைப் போட்டுக்கட்டும். கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க, ஆறு மாசத்துல மறுபடி இங்க கூட்டிட்டு வாங்க. பிள்ளைக்குப் பிடிச்சதைப் பிடுங்கி யாருக்கும்மா கண்ணு தெரிஞ்சிருக்கு?"

அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். பொடிசு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த ஊரிலேயே நல்ல கண்ணாடிக்காரர் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறார். அவரிடம் காட்டாத ஒரே பெண் தான்தான்.

சனிக்கிழமை கடையில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். பொடிசு அம்மாவை அழைத்துக்கொண்டு வாசல் வழியாக வந்தாள், அத்தையிடம் வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு, எல்லோரையும் போலக் காத்திருந்தாள். அவள் முறை வந்ததும், "அடுத்து, அம்மாவும் பொண்ணும்" என்று அத்தை குரல் கொடுத்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்தவர்களைக் கண்ணாடிக்காரர் மாறி மாறிப் பார்த்தார். கூட்ட நேரத்தில் இது என்ன விளையாட்டு என்றார்.

"விளையாட்டு இல்லைங்க டாக்டர்" என்றாள் அம்மா. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "பொண்ணுக்குத் தூரத்துல இருக்கிறது தெரியலை. காட்டிட்டுப் போகலாம்னு வந்தோம்."

திரை என்பது துணிதான். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்கும். அது அவருக்கும் தெரியும். நாற்காலியைக் காட்டினார்.

இந்த முறை எண் அட்டையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பொடிசும் இந்த முறை நிஜமாகவே படித்தாள். மேலே இருந்த பெரிய எண்ணுக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. அதற்குக் கீழே, "தெரியலை" என்றாள். அதற்கும் கீழே, "அங்க ஏதாவது இருக்கா?" என்றாள். வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகும் கனமான சட்டத்தை அவள் மூக்கில் மாட்டினார். இது நன்றாக இருக்கிறதா, இது நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினார். ஒவ்வொரு முறையும் அவள் இரண்டாவதைத்தான் சொன்னாள். ஒவ்வொரு 'இரண்டாவது'க்கும் அவர் கை பெட்டியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வில்லை எடுத்தது. கடைசியில் மைனஸ் இரண்டே முக்காலில் வந்து நின்றது. தன் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதை ரொம்ப நேரம் துடைத்தார்.

பிறகு வழக்கமான பேச்சை ஆரம்பித்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் தடுமாறினார், போகப் போகப் பழக்கம் கை கொடுத்தது. பயப்பட ஒன்றும் இல்லை, முழங்கை தூரம், வெளியே வெளிச்சம், ஆறு மாதத்தில் மறுபடி. பொடிசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"ஒரு சந்தேகம் டாக்டர். நான் தீப்பெட்டிக்குள்ள சின்னச் சின்னதா ரூம் செய்வேன். லீவுக்கு ஒரு பட்டறையில அந்த வேலைக்கே கூப்பிட்டிருக்காங்க. எங்க அப்பா எல்லாத்தையும் தூக்கிப் பரண்ல போட்டுட்டார். போகவும் கூடாதுங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?"

கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் பேச்சு நின்றுபோயிருந்தது. அத்தை மட்டும் இருமிக்கொண்டிருந்தாள். நிற்கவே இல்லை அந்த இருமல்.

"உங்க அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றார் அவர் கடைசியில்.

"நல்லாக் கேளுங்க டாக்டர்" என்று திரைக்கு வெளியேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "சில அப்பனுங்களுக்கு மெதுவாச் சொன்னா ஏறாது."

என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்பது அவருக்கும் அந்த அப்பாவுக்கும் மட்டுமே தெரியும். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஏணியை எடுத்துப் பரணுக்குச் சாய்த்தார். பெட்டிகளை இறக்கி அவள் மேசைமேல் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"எல்லாம் என்கிட்ட இருந்து வந்ததா இருக்கும். உன் வயசுல என்னை என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா? சோடாபுட்டி. வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுவார். உனக்கு அது வரக்கூடாதுன்னுதான்..."

"எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கேப்பா" என்றாள் பொடிசு. "கூட ஒண்ணு வந்தா வந்துட்டுப் போகுது."

அவர் முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், பிறகு பேரம் பேச உட்கார்ந்தார். மேசை ஜன்னலோரம் நகர வேண்டும். ஒரு சாமான் செய்து முடித்ததும் எழுந்து வெளியே போய்த் தூரமாகப் பார்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் தெருவிளக்கு போடுகிறவரை வெளியே நடக்க வேண்டும். யார் கூட நடப்பது என்று அவள் கேட்டாள். நாளெல்லாம் கடைக்குள்ளேயே குந்தியிருக்கிற உங்க அப்பனைக் கூட்டிட்டுப் போயேன், அந்தத் தொப்பையாவது கரையட்டும் என்று உள்ளேயிருந்து அத்தை யோசனை சொன்னாள். யோசனை ஒருமனதாக நிறைவேறியது, கண்ணாடிக்காரர் நீங்கலாக.

கண் டாக்டரும் பார்த்து அதே அளவைத்தான் சொன்னார். விடுமுறை விட்டதும் பொடிசு புதுக் கண்ணாடியோடு பட்டறைக்குப் போனாள். நாடகக் கொட்டகையின் பின்பக்கம்தான் பட்டறை. அப்பாவும் கூடவே வந்து, அவளுக்கு ஒதுக்கிய மேசையைச் சுற்றிவந்தார், விளக்கைப் போட்டு அணைத்தார், உட்கார்ந்தால் முழங்கை எங்கே வருகிறது என்று தானே உட்கார்ந்து பார்த்தார். யார் இவர் என்று மேடைக்காரம்மா கேட்க, "எங்க கண்ணாடி டாக்டர்" என்றாள் பொடிசு. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று அவரைக் கதவுவரை தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

தீப்பெட்டியை எடுத்து நீட்டியவளிடமிருந்து மேடைக்காரம்மா அதை வாங்கிக்கொள்ளவில்லை. சின்னதாகச் செய்வது அவளுக்கு வரும் என்று தெரியும் என்றார். இதற்கு முன் இருந்தவருக்கும் அது வந்தது, ஆனால் அந்தப் பெட்டியை விட்டுத் தலையைத் தூக்கவே மாட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு என்ன தெரியும் என்று அவருக்குத் தோன்றாது. "உனக்கு ரெண்டும் வேணும். போய்க் கடைசி வரிசையில உக்காரு. மேடையில என்ன தெரியுதுன்னு சொல்லு."

கொட்டகை நீளமாக இருந்தது. பொடிசு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் நன்றாக ஏற்றிக்கொண்டாள். மேடையில் பாதி கட்டிய ஒரு வீட்டுக்கூடம். சுவர், ஜன்னல், ஒரு மேசை, தச்சர் குனிந்து எதையோ அறைந்துகொண்டிருந்தார். அவள் நிதானமாகப் பார்த்தாள். ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கிறது என்றாள். சுவரில் சுண்ணாம்புக்கோடு அழியாமல் நிற்கிறது என்றாள்.

"அப்புறம் அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. பின்னாடி, வலது பக்கம். அட்டையை மடிச்சு முட்டுக்கொடுத்திருக்கீங்க."

அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்றார் தச்சர் மேடையிலிருந்தே. மேடைக்காரம்மா ஏறிப்போய்க் குனிந்து, காலுக்கு அடியிலிருந்து மடித்த அட்டையை உருவினார். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தச்சர் சுத்தியலைப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வந்துடறியா?" என்று மேடைக்காரம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னைக்கே ஆரம்பிச்சா என்ன?" என்றாள் பொடிசு. அதற்குள் அவள் பாதிக் கொட்டகையைத் தாண்டியிருந்தாள்.